முதல் அகப்பை

வடிவம்மாளைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். நாற்பது ஆண்களுக்கு ஐந்து வருஷம் சோறு ஆக்கிப் போட்டவளை ஊரில் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? தின்ற நாங்களே ஏப்பம் விட்டதோடு சரி. எனக்கு மட்டும் மறக்க வழியில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் வாங்கிய அடியில் பாதி எனக்குச் சேரவேண்டியது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

கனி ராவுத்தரின் மரக்களம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், சிற்றாற்றை ஒட்டி இருந்தது. ஆரியங்காவுக்கு அப்பால் வெட்டிய மரத்தடிகள் வண்டி வண்டியாக வரும். நாங்கள் அறுத்துப் பலகையாக்குவோம். குழிக்கு மேலே தடியைக் கிடத்தி, தடிமேல் ஒருவன், குழிக்குள் ஒருவன், நடுவில் ஆளுயர வாள். என் குழியில் மேல்வாள் பிடித்தவன் மாடக்கண்ணு. கீழ்வாள் நான், நம்பிராஜன். மேலே நிற்பவனுக்கு வெயில், கீழே நிற்பவனுக்கு மரத்தூள். சாயந்தரம் குழியை விட்டு ஏறும்போது என் பெண்டாட்டிக்கே என் முகம் தெரியாது. களத்தில் எட்டுக் குழிகள். எட்டுக் கீழ்வாள்காரர்களும் பார்வைக்கு ஒரே ஆள்தான், தலையிலிருந்து கால்வரை தூள் அப்பிய ஆள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டைக் காலம். பட்டாளத்துக்குப் பெட்டி செய்யப் பலகை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரங்கூன் அரிசி நின்றுபோயிருந்தது. கண்ட்ரோல் கடையில் அளக்கிற அரிசி பிள்ளைகளுக்கே காணாது. களத்துக்குத் தூக்குச்சட்டி கொண்டுவந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சும்மா வர ஆரம்பித்தார்கள். மத்தியானம் ஆனால் ஆற்றுப் பக்கம் போய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, சாப்பிட்டவர்கள் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம். ஒரே வாரத்தில் மூன்று பேர் வாளைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்தார்கள்.

ராவுத்தர் மூன்றாவது ஆளைத் தூக்கிப் படுக்கவைத்த கையோடு மேஸ்திரி சிவசைலத்தைக் கூப்பிட்டார்.

"வயிறு காஞ்சவன் மரத்த அறுக்கமாட்டான்வே, அவன் காலைத்தான் அறுப்பான். நாளையிலேர்ந்து களத்துலயே ஆக்கிப் போடணும். ஆளு பாரும்."

அவர் வீட்டில் ஆக்கி அனுப்பினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தொடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். வடிவம்மாள் ஆக்கினால் ராவுத்தமார்களும் தின்பார்கள், நாங்களும் தின்போம். அவள் பலவேசத்தின் பெண்டாட்டி. பலவேசம் இதே களத்தில் தடி உருண்டு செத்தவன். ஒரே மகளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் தனியாக இருந்தாள். எங்களுக்கு ஆக்குகிற சோற்றில் ஒரு பங்கு அவளுக்கு. அதைத் தவிர அவளுக்கு வேறு சோறு கிடையாது.

அவளைப்போல ஒரு கெட்டிக்காரியை, அல்லது கருமியை, நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவள் சொல்வாள். அடுப்புக்கு விறகு வாங்கவிடமாட்டாள், எங்கள் குழியில் விழுகிற தூளையும் செதிலையும் கூட்டி அள்ளிக்கொண்டு போவாள். பானை கழுவிய தண்ணீர் வண்டிமாட்டுக்கு. உள்ளித் தோல்கூட எங்கேயோ போகும். மத்தியானம் கேப்பைக் களியோ சோளச் சோறோ, அரிசி கிடைத்த நாளில் சோறோ போடுவாள். நாலு மணிக்கு ஒரு கை அவித்த பயறும் கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணியும். பயறை நான் மடியில் முடிந்து பிள்ளைகளுக்குக் கொண்டுபோவேன். எல்லாவற்றையும்விட நாங்கள் காத்துக்கிடந்தது பதினோரு மணிக்குத்தான். சோறு வடித்த தண்ணீரில் உப்பைப் போட்டு, இரண்டு உள்ளியைத் தட்டிப் போட்டு, ஆளுக்கு ஒரு கலயம் கொடுப்பாள். வாள் இழுத்து வேர்த்துப்போன உடம்புக்கு அது உள்ளே இறங்கும்போது உயிர் திரும்பி வரும். எங்கள் பக்கத்தில் வடிதண்ணியைக் கீழே கொட்டுகிற பெண்ணைக் குடும்பத்துக்கு ஆகாதவள் என்பார்கள். வடிவம்மாள் ஒரு சொட்டும் கொட்டமாட்டாள்.

அந்த ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டமாம், அருவியில் நிற்க இடமில்லையாம். இங்கே கண்ட்ரோல் கடையில் ஒரு வாரமாக அரிசி இல்லை. கேப்பையும் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் தங்கசாமியின் வண்டி வந்தது. தங்கசாமி ஆரியங்காவுப் பக்கத்து வண்டிக்காரர், பேச்சில் பாதி மலையாளம். தடிக்கு அடியில், எல்லைச் சௌக்கைக் காவலர் கண்ணில் படாமல், நாலு மூட்டை மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்திருந்தார். ராவுத்தர் சொல்லிவைத்துக் கொண்டுவந்தது.

மரச்சீனி, அதாவது மரவள்ளி, எங்களுக்குத் தெரியாத பொருள் இல்லை. எப்போதாவது ஒன்றிரண்டு கிடைத்தால் சுட்டுத் தின்போம். பானை நிறையப் போட்டு நாற்பது பேருக்கு அவிப்பதை யாரும் பார்த்ததில்லை. நான் வாளுக்கு அரம் போட மேலே ஏறி வந்திருந்தேன். அரம் போடும் இடம் அடுப்புக்குப் பக்கத்தில். அதனால் தங்கசாமி சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது.

"சேச்சி, இது கசப்புக் கிழங்காக்கும். வேவிச்ச வெள்ளத்த அப்படியே ஊத்திக் களயணும். மறுபடி வேற வெள்ளம் வச்சு வேவிச்சு, அதையும் களயணும், கேட்டோ? அந்த வெள்ளம் ஆகாது."

"ஆட்டும், ஆட்டும்" என்றாள் வடிவம்மாள். அவர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

பதினோரு மணி வாக்கில் கிழங்கு வெந்தது. அண்டாவைச் சரித்துத் தண்ணீரைப் பானையில் இறுத்தாள். வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, அசல் கஞ்சித்தண்ணி. குழிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரமாகப் பதினோரு மணித் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டுபோயிருந்தது. அவள் அந்தத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால்வரை போனாள். போய் நின்றாள். கொட்ட மனசு வரவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

நான்தான் வாயைத் திறந்தேன்.

"யக்கா, என்ன செய்தீக? கொட்டவா போறீக?"

"வண்டிக்காரரு சொன்னாருலே நம்பி."

"அவுக ஊர்ல வருசம் பூரா மழ பெய்யுது. அவுகளுக்குத் தண்ணிய ஊத்துததுதான் வேல. இந்தச் சத்தக் கொண்டுபோய் வாய்க்கால்ல ஊத்துதேங்கியளே!"

அவள் சிரித்தாள். அவள் மனசில் இருந்ததை நான் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். உப்பைப் போட்டாள், உள்ளியைத் தட்டிப் போட்டாள். நான் முதல் கலயத்தை வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் கசந்தது. பட்டினிக் காலத்தில் கசப்பை ஒரு குற்றமாக யார் எடுத்துக்கொள்வார்கள்? மாடக்கண்ணு ஒரு கலயம் குடித்தான், இன்னொன்று கேட்டு வாங்கினான். அரம் போடும் அவசரத்தில் எனக்கு வைத்திருந்த இரண்டாவதையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். அதையும் குடித்தான்.

குழிக்குள் இறங்கி வாளைப் பிடித்தோம். ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போயிற்று. வாள் அறுப்பதில் பேச்சே கிடையாது. நான் கீழே இழுத்தால் அவன் மேலே இழுப்பான், அதுதான் எங்கள் பேச்சு. எனக்கு லேசாகத் தலை சுற்றுவதுபோல இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். வாள் கீழே வந்தது. மேலே போகவில்லை.

"ஏலே மாடக்கண்ணு, இழுலே" என்றேன்.

அண்ணாந்து பார்த்தேன். தடிமேல் அவன் கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து களத்தில் விழுந்தான். குழிக்குள் விழுந்திருந்தால் வாளின்மேல் விழுந்திருப்பான்.

நான் ஏறி வருவதற்குள் அடுத்த குழியிலும் வாள் நின்றது. அதற்கு அடுத்ததிலும் நின்றது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். இன்னொருவன் கண் தெரியவில்லை என்று கத்தினான். மொத்தம் பதினொரு பேர். மற்றவர்கள் வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தெளிந்தார்கள். மாடக்கண்ணு வாந்தியும் எடுக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. ராவுத்தர் தன் வில்வண்டியிலேயே அவனைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டி போகும்போது அவன் கால் வெளியே தொங்கி ஆடியதை நான் இன்றைக்கும் சில சமயம் சாப்பிடும்போது பார்க்கிறேன்.

களத்துக்குள் ஜனம் கூடிவிட்டது. பெண்டுகள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்கள். யாரோ "கிழங்குதான், கிழங்குலதான் விசம்" என்றார்கள். அவ்வளவுதான், சிவசைலம் மேஸ்திரி தங்கசாமியை மாட்டுக் கொட்டிலிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்தான். அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"எவம்லே ஒன்ன அனுப்புனது? மருந்து வச்ச கெழங்கக் கொண்டாந்து எங்க ஆளுவளக் கொல்ல வந்தியோ?"

அடி விழுந்தது. நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தங்கசாமியின் வாயிலிருந்து ரத்தம் வந்தது. ராவுத்தர் குறுக்கே விழுந்து தடுத்தார். மாடக்கண்ணு செத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை அப்போது வந்திருந்தால் அந்த மனிதரை அங்கேயே முடித்திருப்பார்கள். மரம் வெட்டுகிற கோடாலி நாலு பக்கமும் கிடந்தது.

"ஞான் சொன்னதாக்கும்!" என்று அவர் அலறினார். "ஆக்குத சேச்சிட்ட சொன்னேனே! வெள்ளத்தக் களயணும்னு சொன்னேனே! அங்கன ஒரு ஆளும் நின்னாரு, அவரும் கேட்டாரு!"

எல்லாரும் திரும்பினார்கள். வடிவம்மாள் அடுப்புப் பக்கம் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். நான் அவளுக்குப் பத்தடி தள்ளி, மற்ற கீழ்வாள்காரர்களோடு நின்றேன். எல்லாரும் தூள் பூசி நின்றோம்.

"எந்த ஆளுவே? காட்டும்" என்றான் சிவசைலம்.

தங்கசாமி எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். என்மேல் வந்த கண் நிற்காமல் அடுத்தவன்மேல் போயிற்று. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மூன்று பிள்ளைகள், களத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை, மாடக்கண்ணு சாகக் கிடக்கிறான் என்றெல்லாம் பின்னால் காரணம் சேர்த்துக்கொண்டேன். அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான். பயம்.

வடிவம்மாளுக்கும் இல்லை என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. அயலூர் வண்டிக்காரன் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? தலையை ஆட்டி 'எனக்குத் தெரியாது' என்றால் போதும். அவள் வேலை தப்பிக்கும், சோறும் தப்பிக்கும். தங்கசாமியின் தலை போகும்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அவர விடுங்க. அவரு சொன்னாரு. ஊத்திரணும்னு தெளிவாத்தான் சொன்னாரு. நாந்தான் கேக்கல. தண்ணிய வீணாக்கப் பொறுக்காம உப்பப் போட்டு நாந்தான் குடுத்தேன்."

தங்கசாமியைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. சிவசைலம் விடவில்லை.

"கூட நின்ன ஆளு யாரு?"

அவள் என்னைப் பார்ப்பாள் என்று அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் பார்க்கவில்லை.

"யாருமில்ல. நான் மட்டுந்தான் நின்னேன். அவரு மாட்ட அவுக்குத அவசரத்துல என்னத்தயோ பாத்துருப்பாரு."

மாடக்கண்ணுவின் பெண்டாட்டி வள்ளித்தாய் அப்போதுதான் ஓடி வந்தாள். கையில் கிடைத்தது ஒரு துண்டுப் பலகை. "எம்புருசனக் கொன்னுட்டியேட்டி" என்று முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். வடிவம்மாள் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

அன்று யாரும் வாளைத் தொடவில்லை. சாரலில் நனைந்துகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். வடிவம்மாள் அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கசாமி அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, வீங்கிய வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடக்கண்ணு செத்தால் அவள் கதி என்ன என்று எல்லாருக்கும் தெரியும். போலீசு அழைத்துப்போகும். அதற்கு முன்னால் இங்கேயே என்ன நடக்கும் என்பதும் தெரியும். நான் இலஞ்சிக் குமரனிலிருந்து தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். அவனுக்காகக் கும்பிட்டேனா, எனக்காகக் கும்பிட்டேனா, தெரியாது.

நாலு மணிக்கு வில்வண்டி திரும்பியது. வண்டிக்காரன் தூரத்திலிருந்தே கையை ஆட்டினான். வயிற்றைக் கழுவினார்களாம், கண்ணைத் திறந்தானாம், முதலில் பெண்டாட்டியைக் கேட்டானாம். வள்ளித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் குழிக்குள் இறங்கி, வாளுக்கு எண்ணெய் போடுவதுபோல உட்கார்ந்து அழுதேன்.

ராவுத்தர் வடிவம்மாளிடம் வந்தார்.

"நாளைக்கு நீ வரவேண்டாம், வடிவம்மா. கொஞ்ச நாளு போட்டும்."

"நான் வரலன்னா நாளைக்கு இவுகளுக்கு யாரு மொதலாளி ஆக்குவா? கெழங்கு மூணு மூட்ட கெடக்கு. எப்படி ஆக்கணும்னு இப்ப எனக்குத்தான் தெரியும்."

சிவசைலம் குறுக்கிட்டான். "ஆக்கட்டும். ஆனா அவ மொதல்ல திங்கணும். எங்க முன்னால நின்னு திங்கணும். ஒரு மணி நேரம், கொல்லம் ரயில் ஆத்துப் பாலத்தத் தாண்டுத வரைக்கும் நாங்க பாப்போம். பெறவுதான் சாப்பிடுவோம்."

அப்படித்தான் நடந்தது. மறுநாள் அவள் கிழங்கைத் தங்கசாமியை வைத்துக்கொண்டே அவித்தாள். ஒரு தண்ணீரை ஊற்றினாள், இரண்டாவது தண்ணீரையும் ஊற்றினாள். வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்க்க அவளுக்கு என்னமாய் இருந்திருக்கும்! பிறகு நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் நின்றுகொண்டு ஒரு அகப்பைக் கிழங்கைத் தன் தட்டில் போட்டு மென்றாள். அடிபட்ட தோள் வீங்கியிருந்ததால் இடது கையால் தட்டைப் பிடிக்க முடியவில்லை, தரையில் வைத்துக் குனிந்து எடுத்தாள். ரயில் பாலத்தைத் தாண்டியது. அப்போதும் யாரும் தட்டை நீட்டவில்லை. தங்கசாமிதான் முதலில் எழுந்து வந்து, வீங்கிய வாயோடு "எனக்குத் தரணும் சேச்சி" என்று உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாக நீண்டன. என் தட்டு கடைசிக்கு முந்தினது.

மாடக்கண்ணு இருபது நாளில் களத்துக்குத் திரும்பினான். ஒரு மாதத்தில் அவனே மறந்துவிட்டான். முதல் அகப்பை மட்டும் நிற்கவில்லை. சிவசைலம் மறந்தாலும், நாங்கள் "சரி போடுக்கா" என்றாலும், அவளே விடவில்லை. அரிசிச் சோறு ஆனாலும், கேப்பைக் களி ஆனாலும், ஒவ்வொரு நாளும் எங்கள் முன்னால் நின்று முதலில் தின்றாள், ரயிலுக்குக் காத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் நான் எழுந்து போய், 'அந்த அகப்பை எனக்குச் சேரவேண்டியது' என்று வாங்கித் தின்றிருக்கலாம். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை. முதல் வருஷம் எனக்கு நாலு மணி ஆவதற்குள் பசி பிராணனை வாங்கும். குற்றம் செய்த வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நாற்பத்தெட்டில் ராவுத்தர் மிஷின் வாள் கொண்டுவந்தார். குழிகளை மூடினார்கள். நாற்பது பேருக்குப் பதினைந்து பேர் போதும் என்றாயிற்று, சமையலையும் நிறுத்தினார்கள். மகளோடு இருக்கச் சிவகிரிக்குப் போவதாக வடிவம்மாள் சொன்னாள். கடைசி மத்தியானம் அரிசிச் சோறும் சாம்பாரும். அவள் அகப்பையை எடுத்ததும் நான் எழுந்துபோய் என் தட்டை நீட்டினேன்.

"இன்னைக்கு நான் மொதல்ல திங்கிதேன்க்கா."

கடைசி நாளில் வீரம் காட்டுவது எளிது. எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் எல்லார் காதிலும் விழும்படி, "அன்னைக்குத் தண்ணியக் கொட்டாதீகன்னு சொன்னது நாந்தான்" என்றேன். மாடக்கண்ணு தலையைத் தூக்கிப் பார்த்தான். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது.

வடிவம்மாள் எனக்கு ஒரு அகப்பைச் சோறு போட்டாள். பிறகு இன்னொரு அகப்பையும் போட்டாள்.

"ஏன்லே, நீ வாயத் தொறக்கலங்கது எனக்கு மறந்துருக்கும்னா நெனச்ச? மொத வருசம் பூரா ஒனக்கு மட்டும் அகப்பையக் கொஞ்சம் சரிச்சுத்தான் வச்சேன். நீ கண்டுபிடிக்கல."

"பெறவு?"

"பெறவு ஒருநாளு ஒன் பிள்ள நீ கொண்டுபோற பயறுக்கு வாசல்ல காத்து நிக்கதப் பாத்தேன். அகப்பைய நிமித்திட்டேன். தின்னு, ஆறிரும்."

நின்றபடியே தின்றேன். அந்த ஒரு வருஷம் எனக்கு மட்டும் ஏன் அப்படிப் பசித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.